நீலச்சுனையில் இரும்பு போன வழி

தண்பொறை நாட்டின் மலைகளுக்கும் ஆறுகளுக்கும் வயல்களுக்கும் தாயாக விளங்குபவரும், வழக்கென்று வந்தவர் சொல்லை முழுதும் கேட்டு முடிக்காமல் தீர்ப்புரைக்காதவருமான கோப்பெருந்தேவி வடிவுடைநாச்சியார் திருமுன்புக்கு, அவர் அருளால் மந்திரிப் பொறுப்பைத் தாங்கும் காரிநம்பி, மேற்கெல்லை நீலச்சுனை மலையடிவாரத்திலிருந்து தலைவணங்கி விடுக்கும் ஓலை. தேவியாரின் குடை நிழல் நீள்க. கோட்டையில் உள்ளோரும் குடிசையில் உள்ளோரும் நோயின்றி வாழ்க. பதினோராம் ஆட்சியாண்டு, ஆடித் திங்கள் ஆறாம் நாள், மலையில் மழை தொடங்கிய பின் எழுதப்பட்டது.

சித்திரைத் திங்களில் அடியேன் விடுத்த ஓலையில், இம்மலைச் சுனையின் நீல நீரில் இரும்பை இட்டால் சில நாளில் அது செம்பாக மாறுகின்றது என்றும், ஏழு பலம் இரும்புக்கு எட்டுப் பலம் செம்பு கிடைக்கின்றது என்றும், அதனை என் கண்ணால் கண்டேன் என்றும் எழுதியிருந்தேன். செம்புக்காக ஆண்டுதோறும் நெல்லைக் கப்பலேற்றி அனுப்பும் நம் நாட்டுக்கு இது பெரும் பேறு என்றும், வீட்டுக்கு ஒன்றாக ஏர்க்கொழுவைத் திரட்டி இங்கே அனுப்பினால் மழைக்கு முன்னரே செம்பாக்கி விடலாம் என்றும் வேண்டியிருந்தேன். தேவியாரும் என் சொல்லை நம்பி அவ்வாறே கட்டளையிட்டார். மண்ணைக் கிழிக்கும் கொழுக்களைக் குடிமக்கள் தம் கலப்பைகளிலிருந்து கழற்றித் தந்தனர். அந்த ஓலை பிழையானது. கண்டது பொய்யன்று, கண்டதற்கு நான் கொடுத்த பொருள் பொய். அது எவ்வாறு வெளிப்பட்டது என்பதையும், அதனை வெளிப்படுத்திய இருவரின் பெருமையையும், என் குற்றத்தையும் மறைக்காமல் கீழே எழுதுகின்றேன்.

இங்கே பதினேழு ஆண்டுகளாகச் சுனையருகே உலை அமைத்து வாழ்பவர் பூதநாதர் என்னும் ரசவாதி. மெலிந்த உடலினர்; உலைச் சூட்டில் புருவம் கருகி, வலக்கையின் இரு விரல்களை இழந்தவர். இரும்பைச் செம்பாக்கும் வழியைக் கண்டுவிட்டதாக அவர் சொன்னபோது அதில் வஞ்சகம் சிறிதும் இல்லை. சுனைநீரைத் தேக்கிய கல்தொட்டியில் இரும்புத் துண்டுகளை என் எதிரிலேயே இட்டார். சில நாளில் துண்டுகளின் மேல் சிவந்த பொடி படர்ந்து, இரும்பு தேய்ந்து தேய்ந்து இல்லாமற் போயிற்று. பொடியைச் சுரண்டி உருக்கினார், மாசற்ற செம்பு. இட்ட இரும்பையும் எடுத்த செம்பையும் அவரே தராசில் நிறுத்துக் காட்டினார். நான் மயங்கியதற்கு அந்தத் தராசே காரணம். எடையிட்டுக் காட்டிய ஒன்று பொய்யாகாது என்று எண்ணினேன்.

கொழுக்களின் முதல் வண்டிகள் பனையங்குறிச்சியிலிருந்து ஆனித் திங்கள் நான்காம் நாள் வந்து சேர்ந்தன. எண்பத்துநான்கு கொழுக்கள் தொட்டியில் இறக்கப்பட்டன. மறுநாள் முற்பகலில், ஓடையின் கீழ்ப்புறத்தில் சாயப்பட்டறை நடத்தும் நங்கைச்சாத்தி என்னும் பெண், தோளில் நனைந்த துணிச்சுமையுடன் மலையேறி வந்தாள். நாற்பது வயதினள், முழங்கை வரை மஞ்சிட்டிச் சிவப்பேறிய கையினள். மந்திரி எதிரே இருப்பதை அறிந்தும் தயங்காமல், சுமையை அவிழ்த்து என் காலடியில் விரித்தாள். அத்தனையும் கரிபோற் கறுத்த துணிகள்.

அவள் முறையீட்டைச் சுருங்கச் சொல்கின்றேன். சாயமிடும் துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைப்பது அவர்கள் வழக்கம். அதனை ஓடையில் அலசினால் வைக்கோல் நிறம் வரும். அதன்மேல் சிவப்புச் சாயம் ஏறும். சுனைநீர் கலந்த அந்த ஓடையில் அவள் தாயும் அலசினாள், இவளும் இருபது ஆண்டு அலசினாள்; ஒருநாளும் கறுத்ததில்லை. பூதநாதர் பெரிய தொட்டி கட்டிய இந்த மூன்று திங்களாக, கடுக்காய் ஊறிய துணி எதுவாயினும் ஓடையில் பட்டவுடன் கறுக்கின்றது. கடுக்காயைக் கறுக்கச் செய்வது இரும்பு ஒன்றே என்பது சாயமிடுவோர் எல்லோரும் அறிந்தது. கறுப்புச் சாயம் வேண்டுமென்றால் அவர்கள் வேண்டுமென்றே துரு ஊறிய நீரைச் சேர்ப்பார்கள். ஆகவே ஓடையில் இரும்பு வருகின்றது என்றாள்.

இரும்பு செம்பாக மாறிவிட்ட பின் ஓடையில் எவ்வாறு வரும் என்று நான் கடிந்து கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை, அரசவை நடைக்கு மாற்றாமல் அவள் வாய்மொழியாகவே எழுதுகின்றேன். மாற்றினால் அதன் கூர்மை மழுங்கும்.

"ஐயா, இரும்பு செம்பா மாறலே. தண்ணியில கரைஞ்சு கீழ வந்து என் துணியில உக்காந்திருக்கு. அந்தச் செம்பு எங்கேயிருந்து வந்துச்சுன்னு நீங்கதான் பார்க்கணும்."

என் ஆட்கள் அவளை அப்புறப்படுத்த முன்வந்தனர். பூதநாதர் கைநீட்டித் தடுத்தார். துணியைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். நாவில் வைத்துச் சுவைத்தார். பின்னர் அவளிடம் கடுக்காய்ச் சாறு இருக்கின்றதா என்று கேட்டார். அவள் மடியில் முடிந்து வைத்திருந்த கடுக்காய்த் தூளை இரு கிண்ணங்களில் கரைத்தாள். தொட்டிக்கு மேலே சுனைவாயில் எடுத்த நீரை ஒன்றில் ஊற்றினார்; பழுப்பு நிறம் காட்டியது. தொட்டிக்குக் கீழே வழியும் நீரை மற்றதில் ஊற்றினார்; ஓலை எழுத்துக்குப் பூசும் மைபோல் கறுத்தது.

பின்பு அவர் என்னிடம் வந்து, உண்மை தெரியும் வரை தொட்டியிலுள்ள கொழுக்களை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று வேண்டினார். தேவியாரே, நான் மறுத்தேன். தேவியாருக்கு எழுதிவிட்டேன், வண்டிகள் வழியில் வருகின்றன, ஒரு சாயக்காரியின் கிண்ணத்தைக் கண்டு மந்திரி பின்வாங்கினான் என்று நாடு நகைக்கும் என்றெல்லாம் என் உள்ளம் கணக்கிட்டது. தம் பதினேழு ஆண்டு உழைப்பு பொய்யாகலாம் என்று தெரிந்தும் சோதிக்கத் துணிந்தவர் அவர். ஓர் ஓலை பொய்யாகுமே என்று அஞ்சியவன் நான். இந்த வேறுபாட்டை எழுதாமல் விட்டால் இவ்வோலையும் பிழையானதாகும்.

சோதனைக்கு முறை வகுத்தவர் பூதநாதர். அதில் இருந்த ஓட்டையை அடைத்தவள் நங்கைச்சாத்தி. ஒரு குடத்தில் அளந்த நீரை ஊற்றி, அளந்த இரும்பை இட்டு, எவ்வளவு செம்பு வருகின்றது என்று பார்ப்போம் என்றார் அவர். ஓடுகின்ற சுனையில் புதுநீர் வந்துகொண்டே இருப்பதால் எது எதிலிருந்து வந்தது என்று சொல்லமுடியாது. அடைபட்ட குடத்தில் சொல்லமுடியும் என்பது அவர் கருத்து. அவளோ, இரும்பையும் செம்பையும் மட்டும் நிறுத்தால் போதாது, குடத்தையும் நீரையும் இரும்பையும் மூடியோடு சேர்த்து முதலிலும் முடிவிலும் நிறுக்கவேண்டும் என்றாள். ஏழு எட்டாகப் பெருகுவது மெய்யானால் குடத்தின் கனமும் பெருகவேண்டுமல்லவா என்று கேட்டாள். பூதநாதர் அவளை நோக்கிக் கைகூப்பினார்.

பத்துக் குடம் சுனைநீரைக் காய்ச்சி ஒரு குடமாக வற்றச் செய்தனர். அது மயிற்கழுத்துப் போல் ஆழ்ந்த நீலமாயிற்று. அதில் துருநீக்கித் துலக்கிய இருபது பலம் இரும்பை இட்டு, மூடியை மெழுகால் அடைத்து, மரத்துலாவில் ஏற்றினர். ஐந்நூற்று நாற்பது பலம் நின்றது. துலாவின் ஒருபுறம் அவளும் மறுபுறம் அவருமாக நின்று, தட்டு அசையாமல் நிற்கும் வரை மூச்சடக்கிக் காத்திருந்ததை நான் கண்டேன். என் வாழ்நாளில் எத்தனையோ தீர்ப்புகளைக் கண்டிருக்கின்றேன்; தனக்கு எதிராக வரக்கூடிய தீர்ப்பை அத்தனை பணிவோடு ஒருவர் காத்து நின்றதைக் கண்டதில்லை.

ஒன்பது நாள் குடம் நிழலில் இருந்தது. பத்தாம் நாள், மெழுகை உடைக்கும் முன் மீண்டும் துலாவில் ஏற்றினர். ஐந்நூற்று நாற்பது பலம். குன்றிமணியளவும் கூடவில்லை, குறையவுமில்லை.

குடத்தைத் திறந்தபோது நீலம் மறைந்து, நீர் இளம்பாசி நிறமாக இருந்தது. இரும்பின் மேலிருந்த செம்பொடியைச் சுரண்டிக் கழுவி உலர்த்தி நிறுத்தனர். எட்டுப் பலத்துக்குச் சற்றே குறைவு. மீந்த இரும்பு பதின்மூன்று பலம். ஆக ஏழு போய் எட்டு வந்திருந்தது. அதுவரை என் முந்தைய ஓலை சொன்னதே. ஆனால் நீரை மட்டும் தனியே நிறுத்தபோது அது குடத்தில் ஊற்றுமுன் நிறுத்துக் குறித்ததைவிட ஏறக்குறைய ஒரு பலம் குறைந்திருந்தது. கூடிய ஒரு பலம் வானத்திலிருந்து வரவில்லை, நீரிலிருந்து வந்தது. மீந்த பதின்மூன்று பலம் இரும்பை அதே நீரில் மீண்டும் இட்டு மூன்று நாள் வைத்தனர். ஒரு துகள் செம்பும் வரவில்லை. இரும்பு செம்பாக மாறும் இயல்புடையதானால் இந்தப் பதின்மூன்று பலம் ஏன் மாறவில்லை என்று பூதநாதரே என்னைக் கேட்டார்.

அதன்பின் செய்தவற்றை அவர் தம் கையாலேயே செய்தார். உலை வேலையில் அவருக்கு நிகர் இந்நாட்டில் இல்லை. புதிய சுனைநீரை முற்றும் காய்ச்சினார். அடியில் நீலக் கற்கள் தங்கின. மருத்துவர்கள் மயில்துத்தம் என்பார்களே, அதுவே. அதனை வறுத்துக் கரியோடு சேர்த்து ஊதுலையில் இட்டார். இரும்பு என்பது ஓர் ஊசியளவும் சேராமலேயே உலையின் அடியில் செம்பு உருண்டு நின்றது. பிறகு குடத்தில் மீந்த பாசிநிற நீரைக் காய்ச்சினார். பச்சைக் கற்கள் தங்கின. நங்கைச்சாத்தி அதைப் பார்த்தவுடனே அன்னபேதி என்றாள். கறுப்புச் சாயத்துக்கு அவர்கள் கடையில் வாங்குவது அது. அதனையும் வறுத்துக் கரியோடு உலையிலிட்டு, ஆறியபின் காந்தக்கல்லை அருகே கொண்டுசென்றார். கருந்துகள்கள் எழுந்து காந்தத்தில் ஒட்டின. காணாமற்போன இரும்பு திரும்பி வந்தது. ஏழு பலமும் வரவில்லை. ஆறுக்குச் சற்று மேல் வந்தது. மீதி உலைக்கசடில் போயிற்று என்றும், அதைத் தாம் மறைக்கப் போவதில்லை என்றும் அவர் சொல்லி, அந்தக் குறைவையும் ஏட்டில் எழுதச் செய்தார்.

காந்தத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் உலைமேட்டில் அமர்ந்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. யாரையும் நோக்காமல் அவர் சொன்னது இது.

"இரும்பை நிறுத்தேன், செம்பை நிறுத்தேன். பதினேழு வருஷத்துல ஒருநாளும் தண்ணியை நிறுத்துப் பார்க்கலே."

நங்கைச்சாத்தி துலாவை மறுபடி துடைத்து, இரும்பின் அளவை மாற்றி இன்னொரு முறை செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் எழுந்தார். அதன்பின் நான்கு குடங்களில் அளவை மாற்றி மாற்றிச் செய்தனர். இரும்பு மூன்றரைப் பலம் கரைந்தால் செம்பு ஏறக்குறைய நான்கு. பதினான்கு கரைந்தால் பதினாறு. எவ்வளவு இட்டாலும் ஏழுக்கு எட்டு என்னும் அந்தக் கணக்கு மாறவில்லை. யாரும் பாராத அடைபட்ட குடத்துக்குள் இரு பொருள்கள் இடம் மாறிக்கொள்ளும்போதும் ஒரு தராசு தவறாமல் நடக்கின்றது என்பதை எண்ணுந்தோறும் அடியேனுக்கு மெய்சிலிர்க்கின்றது. இரும்பு செம்பாகும் என்று நம்பியபோது நான் அடைந்த வியப்பைவிட, ஆகாது என்று அறிந்தபோது அடைந்த வியப்பே பெரிது.

அவ்விருவரும் கண்டதை அவைப்புலவர்களுக்கு விளங்குமாறு சொல்கின்றேன். இடத்தை அடைத்துக்கொள்வதும் தராசைத் தாழ்த்துவதும் பொருள். அது கரையலாம், நிறம் மாறலாம், கண்ணுக்கு மறையலாம். அதன் எடை எங்கோ இருந்தே தீரும். மயில்துத்தம் பல பொருள் கூடிய கூட்டு. அதனைப் பிரித்தால் செம்பு வரும். செம்பையோ எவ்வுலையிலிட்டாலும் அதனினும் எளிய வேறொன்றாகப் பிரிக்க இதுவரை இயலவில்லை. அவ்வாறு பிரிக்க இயலாததைத் தனிப்பொருள் என்று அவர்கள் பெயரிட்டுள்ளனர். செம்பு, இரும்பு, ஈயம், கந்தகம், பாதரசம் ஆகியவற்றை அவ்வரிசையில் எழுதி, இன்னும் சோதிக்க வேண்டியவை என்று உப்பையும் சுண்ணாம்பையும் தனியே குறித்துள்ளனர். நீரும் நெருப்பும் மண்ணும் என்ற பழைய வரிசைக்கு இது மாறாயிற்றே என்று புலவர்கள் சினந்தால், துலாவோடு இங்கே வந்து நிறுத்துப் பார்க்கும்படி பூதநாதர் பணிவோடு அழைக்கின்றார்.

இனி வண்டிகளைப் பற்றி. குடம் திறந்த அன்றே, தேவியார் அருளிய முத்திரை மோதிரத்தின் பெயரால் குதிரைவீரரை அனுப்பி, ஆற்றுத்துறையில் நின்ற முப்பத்தொரு வண்டிகளையும் அவ்வவ்வூருக்கே திருப்பிவிட்டேன். அவற்றில் ஒரு கொழுவும் குறையவில்லை. ஆனால் தொட்டியில் கிடந்த பனையங்குறிச்சிக் கொழுக்கள் எண்பத்துநான்கும் நுனி கரைந்து, தகடுபோல் மெலிந்து, உழவுக்கு உதவாதவை ஆயின. பூதநாதர் சொன்ன அன்றே எடுத்திருந்தால் அவை பிழைத்திருக்கும். குடம் திறந்த அன்று மழைக்குப் பதினாறு நாளே இருந்தது.

அதனை அறிந்த பூதநாதர் தம் உலைக்களத்தின் இரும்புக் கதவையும், கம்பிகளையும், இடுக்கிகளையும், சம்மட்டிகளில் இரண்டு நீங்கலாக எல்லாவற்றையும் கழற்றிக் குவித்தார். போதாதபோது தம் பெரிய துலாவின் சங்கிலியையும் அவிழ்த்துக் கொடுத்தார். அடிவாரத்துக் கொல்லர் நால்வரும் அவரும் பதின்மூன்று நாள் அடித்து எண்பத்துநான்கு கொழுக்களையும் புதிதாக வடித்தனர். இருவிரல் இல்லாத கையால் அவர் சம்மட்டி பிடித்ததைக் கண்டு, நானும் துருத்தி ஊதினேன் என்பதைப் பெருமையாக அன்றி, செய்தியாகவே எழுதுகின்றேன். நான் அவற்றோடு பனையங்குறிச்சிக்குச் சென்றேன். முதல் மழை பெய்த மறுநாள் போய்ச் சேர்ந்தோம். நிலம் இன்னும் ஈரம் காத்திருந்தது. ஊர்த்தலைவர் வேளான் கூத்தாடி என்னிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. கொழுக்களை எண்ணி வாங்கிக்கொண்டு, ஒருநாள் உழவு போயிற்று என்று மட்டும் சொன்னார். அது நியாயம்.

சுனை வீண்போகவில்லை என்பதையும் தேவியார் அறியவேண்டும். அது இரும்பைச் செம்பாக்காது. ஆனால் மலைக்குள்ளிருந்து கரைத்துக் கொணரும் செம்பை, எதற்கும் உதவாத உடைந்த இரும்பைப் பெற்றுக்கொண்டு நமக்கு விட்டுத்தருகின்றது. நீர் கொணரும் அளவுக்கே கிடைக்கும். கப்பலேறும் நெல்லில் கால்பங்கு மிஞ்சலாம் என்பது நங்கைச்சாத்தியின் மதிப்பு. நான் முன்பு எழுதியதைவிட மிகச் சிறியது. ஆனால் நிறுத்துச் சொன்னது.

அவளுக்கு என்ன பரிசு வேண்டும் என்று தேவியார் பெயரால் கேட்டேன். தொட்டிநீரை ஓடையில் விடாமல் தனிவாய்க்காலில் திருப்பவேண்டும் என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. எடை சோதிக்க இங்கே புதிதாக அமைக்கும் துலாக்கூடத்தின் தலைமையை ஏற்குமாறு வற்புறுத்தியதற்கு, திங்களில் பத்து நாள் வருவதாகச் சொல்லி, எல்லா நாளும் வந்தால் சாயப்பட்டறையை யார் பார்ப்பது என்று கேட்டாள். அவ்வாறே இசைந்தேன்.

ஆகவே தேவியாரின் ஆணையாக இவற்றை இங்கே நிலைநாட்டியுள்ளேன். தேவியார் உறுதி செய்தருள்க. உழவர் கருவி எதுவும் இனி எக்காரணத்தாலும் சுனைக்குக் கொணரப்படலாகாது. தொட்டியின் கழிநீர் தனிவாய்க்காலில் சென்று, காய்ச்சப்பட்டு, அன்னபேதியாகச் சாயக்காரர்களுக்கு விலையின்றி வழங்கப்படுக. ஒன்று மற்றொன்றாக மாறிற்று என்று எவர் வந்து உரைப்பினும், முன்னும் பின்னும் உள்ள எல்லாவற்றையும், கலமும் நீரும் கசடும் உட்பட, நிறுத்துக் காட்டிய பின்பே அச்சொல் அரசவை ஏறுக. உரைப்பவர் மந்திரியாயினும் இதற்கு விலக்கில்லை.

பனையங்குறிச்சியின் ஒருநாள் உழவுக்கும், மறுத்த என் சொல்லுக்கும் தேவியார் விதிக்கும் தண்டத்தைக் கேட்க இவ்விடத்திலேயே காத்திருக்கின்றேன். இவ்வரிக்குக் கீழே முத்திரை பதித்தபின் மோதிரத்தைக் கழற்றி, இதே தூதன் கையில் ஓலையோடு அனுப்புகின்றேன். அது மீண்டு வந்தால் அணிவேன். வாராவிடினும், துருத்தி ஊத ஓர் ஆள் வேண்டும் என்று பூதநாதர் சொல்லியிருக்கின்றார்.

இவை காரிநம்பி எழுத்து. ஏட்டில் எடையெழுதிச் சான்று நின்றோர், நங்கைச்சாத்தி, பூதநாதர். தண்பொறை முத்திரை இட்டது. காண்க, காக்க, செய்க.